ஊஞ்சலில் ஒருத்தி: ஏழாவது ரீல்

வாங்க சாமிகளா, வாங்க. மூணு பேருக்கும் ஒரே தாடி, ஒரே துணிப்பை, ஒரே கருப்புச் சட்டை. நீங்க பஸ்ஸ விட்டு இறங்கும்போதே டீக்கடை அண்ணன் என்னைக் கேட்டாரு, "என்ன சேது, மாலை போட்ட கோஷ்டியா?"ன்னு. ஆமாண்ணே, ஆனா இவங்க கும்புடுற சாமி வேற, பழைய பேய்ப்படம்னு சொல்லி வச்சிருக்கேன். உக்காருங்க. பெஞ்சு ஆடும். பயப்படாதீங்க, பேயெல்லாம் இல்ல, ஒரு காலு கட்டை.

ரெண்டு வருசமா குரூப்ல பாக்குறேன் உங்களை. ஒரு படத்துல நூல்ல கட்டின வௌவால் பறந்தாப் போதும், நாப்பது வரி எழுதுவீங்க. அதுல முப்பது வரி எனக்குப் புரியாது. நேர்ல பாத்தா டீக்குள்ள பிஸ்கட்டை முங்க விட்டுட்டு எடுக்கத் தெரியாம முழிக்கிறீங்க. அட்மினு, ஸ்பூன் கேளு, வெக்கப்படாத.

சரி. வந்த விசயம் தெரியும். 'ஊஞ்சலில் ஒருத்தி' படப்பெட்டி வேணும். உங்க விழாவுல போடணும். ஒரு வெட்டு இல்லாம, அந்தக் காலத்துல தியேட்டர்ல எப்படி ஓடுச்சோ அப்படியே முழுசா போடணும். நான் போன்ல மழுப்பிட்டே இருந்தேன்ல? கோவம் வேண்டாம். சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் பெட்டி வேணுமான்னு நீங்களே சொல்லுங்க.

விரல்ல தழும்பா? அது கத்தி பட்டது. அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்தேன். அதை விடு.

நான் மெக்கானிக்கல் அஞ்சாவது செமஸ்டரோட காலேஜுக்குக் கும்புடு போட்டவன். ஏன்னு கேக்காத, காலேஜும் கேக்கல. வீட்ல சும்மா இருக்க விடல. அதனால மாட்டுத்தீவன குடோன்ல மூட்டை எண்ணுற வேலைக்குப் போனேன். அந்தக் குடோன் எது தெரியுமா? நாகலெட்சுமி டாக்கீஸ். தியேட்டரை மூடி எட்டு வருசம் ஆச்சு. சீட்டெல்லாம் பாதி பிடுங்கியாச்சு, தவிடும் புண்ணாக்கும் தெரை வரைக்கும் அடுக்கியிருக்கு. ஆனா மேல கேபின்ல மெஷின் ரெண்டும் அப்படியே இருக்கு. ஏன்னா அங்க ஆபரேட்டரா இருந்த சூசைதான் இப்ப குடோனுக்கு வாட்ச்மேன். வாரம் ஒரு தடவை மெஷினுக்கு எண்ணெய் விடுவாரு. படமே இல்லாத மெஷினுக்கு எதுக்குண்ணே எண்ணெய்னு கேட்டேன். "உனக்கு எதுக்குடா தலைக்கு எண்ணெய்?"ன்னாரு. அன்னியிலேர்ந்து நாங்க பிரெண்டு.

அவரு கேபின்லதான் அந்தப் பெட்டி கெடந்துச்சு. எண்பத்தேழுல வந்த படம். எடுத்தவன் இன்னொரு படம் எடுக்கல. டிஸ்ட்ரிபூட்டர் ஆபீசை மூடிட்டு ஓடினப்போ பெட்டியைத் திருப்பி வாங்க ஆளில்ல. ஒருநாள் மத்தியானம் சூசை எனக்காக ஓட்டினாரு. தவிட்டு மூட்டை மேல உக்காந்து பாத்தேன்.

மொத ஒரு மணி நேரம் நான் சிரிச்ச சிரிப்பு, மூட்டையே கிழிஞ்சிருக்கும். எலும்புக்கூடு வருது, அதோட இடுப்பு எலும்புல ஏதோ ஹைஸ்கூல் முத்திரை. இருட்டு பங்களாங்குறான், ஜன்னல்ல சைக்கிள்ல ஒருத்தர் காலி பாட்டிலோட போறாரு. அப்புறம் பேய். பேயோட இடது கையில பச்சை குத்தியிருக்கு, 'ரெங்கராசு'ன்னு. உலகத்துலயே ஆளு பேரோட அலையுற மொத பேய். செத்தும் பேரை மறக்கலடான்னு நான் கத்த, சூசை கேபின்லேர்ந்து "மூடிட்டுப் பாரு"ன்னாரு.

மூடிட்டேன். ஏன்னா ஏழாவது ரீல் வந்துச்சு. நான் போட்ட முப்பது செகண்ட் கிளிப் பாத்தீங்கள்ல, அந்த ஊஞ்சல்? தெரையில முழுசா பாக்கணும் நீ. அவனுங்க கிட்ட கிரேன் இல்ல, டிராலி இல்ல, எதுவுமே இல்ல. கேமராவ ஊஞ்சல் பலகையிலயே கட்டிட்டானுங்க. அதனால என்ன ஆகுது? அந்தப் பொண்ணு ஆடல. ஆடாம அசையாம நம்மளையே பாக்குது. பின்னாடி வீடு ஆடுது. சுவரு வருது, போகுது, ஜன்னல் வருது, போகுது. ரெண்டு நிமிசம். மியூசிக் கூடக் கிடையாது, சங்கிலி கிரீச்சுங்குற சத்தம் மட்டும். பேய் ஆடினா சிரிப்பு வரும். வீடு ஆடினா எங்கய்யா போய் நிப்ப?

அப்பதான் முடிவு பண்ணேன், இந்தப் படத்தை ஊரே பாக்கணும்னு. நல்ல மனசோடதான் முடிவு பண்ணேன். எழுதிக்கங்க.

இப்ப மில்லுக்கு வரேன். எங்கம்மா மொளகாய் அரைக்க அனுப்பிச்சு. மருதமுத்து மாவு மில். நான் எப்பவும் போற மில்லுதான். அன்னிக்கு ஆபீஸ் மேசைக்கு மேல ஒரு போட்டோவப் பாத்தேன். பல வருசமா அங்கதான் இருக்கு, மாவு படிஞ்சு போயி. ஊஞ்சல்ல ஒரு பொண்ணு. கையில பச்சை.

மொளகாயக் கீழ வச்சிட்டேன்.

"அது நம்ம வீட்டம்மா தம்பி. நடிகை," அப்படின்னாரு மருதமுத்து. எப்படிச் சொன்னாருங்குற? ஜட்ஜு வீட்டம்மான்னு சொல்ற மாதிரி. திரும்பிப் பாத்தா அங்க அந்தம்மா, தனபாக்கியம், அரிசி கொட்டிக்கிட்டு நிக்குது. தலையெல்லாம் மாவு, மொகமெல்லாம் மாவு. படத்துல மேக்கப் போட்டதவிட இப்பதான் நல்ல பேய் மாதிரி இருந்துச்சு. நான் வாயடக்காதவன்ல, சொல்லிட்டேன். அந்தம்மா சிரிச்சு தும்மிருச்சு. நல்ல சிரிப்பு. அறுபது வயசுக்கு அது சிரிப்பே இல்ல, இருபது வயசுச் சிரிப்பு.

படப்பெட்டி இங்கயே இருக்கும்மான்னு சொன்னேன். அவ்வளவுதான். சிரிப்பு நின்னு போச்சு. மெஷினை நிறுத்துங்கன்னு வீட்டுக்காரருகிட்ட கை காட்டுச்சு.

அந்தம்மா அந்தப் படத்தைப் பாத்ததே இல்லையாம்.

கேளுங்க. ரெங்கராசுங்குறது அண்ணன். அப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் எல்லாம். திருவிழாவுல ரெண்டு பேரும் இடது கையில, ஒருத்தர் பேரை இன்னொருத்தர் பச்சை குத்திக்கிட்டாங்க. மெட்ராசுக்கு பஸ் ஏத்திவிட்டதே அண்ணன்தான். சூட்டிங் நடந்த ஒம்பது நாளும் தானும் வந்து கூடவே இருந்து சோடா வாங்கிக் குடுத்தவரு. படம் மொத வாரமே படுத்துருச்சு. ஆறு மாசம் கழிச்சு இங்க நாகலெட்சுமியில காலைக்காட்சி போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டு, நான் போய்ப் பாத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு கெளம்பிப் போனாராம். பதினோரு மணி ஆட்டம். ஒரு மணிக்குத் திரும்பி வந்தாரு. செருப்பைக்கூடக் கழட்டல. அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவருதான். கல்யாணத்துக்கு வரல. கொழந்தை பொறந்தும் வரல. நாலு வருசம் முன்னாடி செத்துப் போனாரு. சாகக் கெடந்தப்போ இந்தம்மா போய் நின்னிருக்கு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாராம்.

"பேயா நடிச்சதுக்கா தம்பி இவ்வளவு கோவம்? அவருதானே அனுப்பி வச்சாரு? அந்தப் படத்துல என்னதான் பாத்தாருன்னு எனக்குத் தெரியணும்."

இதைத்தான் கேட்டுச்சு. வேற எதுவும் கேக்கல.

என்ன பிஸ்கட்டைக் கீழ வச்சிட்ட? உனக்குப் புரிஞ்சிருச்சுல்ல அட்மினு. காலைக்காட்சின்னா என்னன்னு உனக்குத் தெரியும். இவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிடறேன். படுத்துப்போன படத்தை வாங்குறவன் ஒருத்தன் இருப்பான். அதை எடுத்துப் பதினோரு மணி ஆட்டத்துக்கு விடுவான். சும்மா விட்டா எவன் வருவான்? அதனால பெட்டியோட தனியா ஒரு சின்னச் சுருள் குடுத்தனுப்புவான். பிட்டு, நீலப்படத் துண்டு. ஒண்ணரை நிமிசம். வேற எவளோ ஒருத்தி, மொகம் தெரியாது, கழுத்துக்குக் கீழதான். ரீல்ல ஒரு எடத்துல சிவப்பு மையில குறி இருக்கும், அங்க வெட்டி ஆபரேட்டர் இதை ஒட்டணும். செக்கிங் வந்தா பிச்சு எடுத்துறலாம். நடிச்சவங்களுக்குத் தெரியாது, எடுத்தவனுக்கே சில சமயம் தெரியாது. பாக்குறவன் என்ன நெனப்பான்? இவ்வளவு நேரம் மொகம் காட்டினவதான் இப்ப இதுன்னு நெனப்பான்.

சரி. ஞாயித்துக்கிழமை ஆட்டம் வச்சேன். நானும் பதினோரு மணிதான் வச்சேன், அந்தக் கால மாதிரி இருக்கட்டும்னு. குடோன் மொதலாளி பையன்கிட்ட பேசி மூட்டையெல்லாம் ஓரம் தள்ளினோம். வாட்ஸப்புல போட்டேன்: 'நாகலெட்சுமி மறுபடி தெறக்குது. ஏழாவது ரீல்ல ஒரு சர்ப்ரைஸ்.' ஊஞ்சல் ஷாட்டைத்தான் சொன்னேன். அந்தம்மா வர்றதையும் சேத்துச் சொன்னேன்னு வச்சுக்கங்களேன்.

சூசைகிட்ட யாரு வர்றாங்கன்னு சொன்னப்போ அவரு எண்ணெய்க் குப்பிய மூடி வச்சிட்டாரு. "அந்தப் பொண்ணைக் கூப்பிடாத"ன்னாரு. ஏண்ணேன்னேன். மெஷின் பக்கம் திரும்பிக்கிட்டாரு. இந்த வயசாளிங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு மர்மம். நான் கண்டுக்கல.

அறுபது பேரு வந்தானுங்க. பாலிடெக்னிக் பசங்க, செல்போன் கடைப் பசங்க, நாலஞ்சு பெருசுங்க. மருதமுத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி. அந்தம்மா பட்டுச்சேலை. மாவு இல்லாம அன்னிக்குத்தான் பாத்தேன். மொத வரிசையில நான் நாற்காலி போட்டு வச்சிருந்தேன். அவரு உள்ள வரும்போது ஒரு பெருசு, "என்ன முத்து, வீட்ல ஊஞ்சல் கட்டியாச்சா?"ன்னு கேட்டுச்சு. கூட இருந்ததுங்க சிரிச்சுதுங்க. இவரும் சிரிச்சாரு. "முப்பத்தஞ்சு வருசமா இதையே கேக்குறானுங்க தம்பி, என் பொண்டாட்டி படம் அந்தளவுக்கு மனசுல நிக்குது"ன்னு என்கிட்ட பெருமையாச் சொன்னாரு.

படம் ஓடுச்சு. எலும்புக்கூடுக்குச் சிரிச்சானுங்க, வௌவாலுக்கு விசிலடிச்சானுங்க. அந்தம்மாவும் சிரிச்சுச்சு, வாயப் பொத்திக்கிட்டு. சைக்கிள்காரரு ஜன்னல்ல போனப்போ, அதுதான் எங்கண்ணன்னுச்சு. சோடா வாங்கப் போறாருன்னுச்சு. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன், அது அந்தம்மாவோட அண்ணன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் அந்தம்மா சிரிக்கல. கண்ணைச் சிமிட்டாமப் பாத்துச்சு. அவரு எதைப் பாத்தாருன்னு தேடிட்டே இருந்துச்சு.

ஏழாவது ரீல். ஊஞ்சல். அறுபது பேரும் கப்சிப். சத்தியமா சொல்றேன், ஒருத்தன் மூச்சு விடல. நான் தெரையப் பாக்கல, பசங்க மொகத்தைப் பாத்தேன். அந்த ரெண்டு நிமிசம் என் வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம். அதோட விட்டிருந்தா.

அப்புறம் ஒரு ஒட்டு குதிச்சுச்சு. கலர் மாறுச்சு. வந்துருச்சு.

விவரிக்க மாட்டேன். நீ என்ன பாக்குற, விவரிக்க மாட்டேன்னா மாட்டேன். விசில் பறந்துச்சு. ஒருத்தன் மொபைல்ல எடுத்தான். மூணாவது வரிசையில ஒரு நாயி, "மில்லுக்காரம்மா"ன்னு கத்துச்சு. மருதமுத்து எந்திரிக்கல. அவரு திரும்பி அந்தப் பெருசுங்களைப் பாத்தாரு. முப்பத்தஞ்சு வருசமா கேட்ட கேள்வி என்னன்னு அவருக்கு அப்பதான் புரியுது. நான் பாத்தேன், அந்த மனுசன் மொகத்துல அது புரியுறத நான் பாத்தேன்.

அந்தம்மா எந்திரிச்சு தெரைகிட்ட போச்சு. வெளிச்சமெல்லாம் அது மேல விழுது. இடது கைய நீட்டுச்சு.

"பச்சை இல்லைங்க," அப்படின்னுச்சு புருசன்கிட்ட. "பாருங்க, அந்தக் கையில பச்சை இல்ல. அது நான் இல்ல."

அவரு தலையாட்டினாரு. அவருக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா அந்தம்மா அங்கயே நிக்குது. கையைத் தெரைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டே நிக்குது. நான் சூசையைப் பாத்துக் கத்துறேன், நிறுத்துண்ணே நிறுத்துண்ணேன்னு. அவரு நிறுத்தறதுக்குள்ள அது முடிஞ்சே போச்சு. அப்பதான் அந்தம்மா சொல்லுச்சு. என்கிட்ட இல்ல, யாருகிட்டயும் இல்ல.

"அண்ணன் கையைப் பாத்திருக்க மாட்டாரு. தலையைக் குனிஞ்சிருப்பாரு. நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எந்த அண்ணன் நிமிந்து பாப்பாரு?"

டீ ஆறுது, குடிங்க.

அப்புறம் என்ன, ஆட்டம் கலைஞ்சுச்சு. சூசை கீழ எறங்கி வந்தாரு. அந்தம்மா அவருகிட்ட கேட்டுச்சு, அன்னிக்கும் நீங்கதான் ஓட்டினீங்களான்னு. "ஆமாம்மா. அன்னிக்கு ஒட்டினது நான்தான்"னாரு. கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு, போலீசு முன்னாடி நிக்கிற மாதிரி. மருதமுத்து அவரை அடிக்கல. எச்சில் துப்பிட்டு வெளிய போயிட்டாரு. அந்தம்மா என் பக்கம் திரும்புச்சு. எம்மேல கோவமே இல்ல பாத்துக்க. "தம்பி, இது படத்தோடயே ஒட்டித்தான் இருந்துச்சா? இல்ல இப்ப யாராச்சும்..."ன்னு கேட்டுச்சு. ரீல்லயே ஒட்டி இருந்துச்சும்மா, எனக்குத் தெரியாதுன்னேன். "நீ என்னப்பா பண்ணுவ, சின்னப்பையன்"னு என் தோளைத் தட்டிட்டுப் போச்சு.

வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. அதுல கை தெரியுது, பச்சை இல்ல, எவன் பாக்குறான்? இப்ப அரைக்கிலோ மல்லிய எடுத்துக்கிட்டு வயசுப்பசங்க மில்லு வாசல்ல வரிசையில நிக்குறானுங்க, எட்டிப் பாக்க. அந்தம்மா முன்னாடி வர்றதே இல்ல. மருதமுத்து ஒத்தையா அரைக்கிறாரு. போட்டோ மாட்டியிருந்த எடத்துல மாவு படியாத சதுரம் ஒண்ணு வெள்ளையில்லாம தெரியுது, அவ்வளவுதான். எங்கம்மாவுக்கு நான் பக்கத்து ஊருக்குப் போய் அரைச்சுட்டு வரேன். ஏண்டா இவ்வளவு தூரம்னு கேக்குது. அங்க நைசா அரைக்கிறான்னு சொல்லி வச்சிருக்கேன்.

நான் ரொம்ப நாளு என்ன சொல்லிக்கிட்டேன் தெரியுமா? தப்பெல்லாம் டிஸ்ட்ரிபூட்டரு, விசிலடிச்சவனுங்க, மொபைல்ல எடுத்த அந்த நாயி. அது போக, அந்தம்மாவுக்கு உண்மை தெரியணும்னுச்சு, தெரிஞ்சுருச்சுல்ல? நான் ஆட்டம் வைக்கலேன்னா அண்ணன் ஏன் பேசலேன்னு தெரியாமலே போயிருக்குமில்ல? நல்லாத்தான் இருக்கு கேக்க. அட்மினு, நீ இப்ப தலையாட்டுற பாரு, அதே மாதிரிதான் நானும் கண்ணாடியப் பாத்து ஆட்டிக்கிட்டேன்.

ஆட்டாத.

மொத தடவை சூசை எனக்கு ஓட்டிக் காட்டினப்போ அந்த ரீல்ல பிட்டு கிடையாது. நான் மூட்டை மேல உக்காந்து பாத்தேன்னு சொன்னேன்ல? ஊஞ்சலுக்கு அப்புறம் நேரா கோயில் மணி சீன்தான் வரும். அவரு எத்தனையோ வருசம் முன்னாடியே அதைப் பிச்சு எடுத்து பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு. அந்தப் பொண்ணைக் கூப்பிடாதன்னவரு, நான் கேக்கலேன்னதும் அந்த டின்னை எடுத்து என் கையில குடுத்தாரு. "நாந்தாண்டா ஒட்டினேன். எரிக்கணும்னு எத்தனை தடவை எடுத்தேன், கை வரல. நீ எரிச்சிடு"ன்னாரு. சரிண்ணேன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவரு சாப்பிடப் போனாரு. நான் கேபின்ல ஏறினேன். ஏழாவது ரீல்ல சிவப்புக் குறி அப்படியே இருந்துச்சு. பிளேடால வெட்டி, சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டினேன். வெங்காயம்னு சொன்னேன்ல, இந்தத் தழும்பு அந்த பிளேடு. படம் எப்படி ஓடுச்சோ அப்படியே காட்டணும்னு ஒரு பெரிய கொள்கை இருந்துச்சு எனக்கு, இப்ப நீங்க சொன்னீங்களே அதேதான். அந்தம்மா மொத வரிசையில உக்காரும்னு தெரியும். அண்ணன் கதையும் தெரியும். பேய்ப்படத்துக்கு அறுபது பேரு வந்துட்டு நடுவுல எந்திரிச்சுப் போயிடுவானுங்களோன்னு பயம், அவ்வளவுதான். ஆட்டம் கலைஞ்சதும் சூசை, 'அன்னிக்கு' ஒட்டினது நான்தான்னு சொல்லிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

டின்னு என் கட்டிலுக்கு அடியில இருக்கு. இன்னும் எரிக்கல. அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லல. பிட்டு வந்ததும் கூட்டம் விசிலடிச்சதுன்னு சொன்னேன்ல, மொத விசில் என்னோடது.